ஓட்டுச் சாவடியில் தூக்கிய கை

மில்லில் வேலை முடிந்து வெளியே வரும்போது, கேட்டில் காவல்காரன் முன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நூலைத் திருடிக்கொண்டு போகிறோமா என்று அக்குள், இடுப்பு, வேட்டி மடிப்பு எல்லாம் தடவிப் பார்ப்பான். பேரையூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த எனக்கு முதலில் உடம்பெல்லாம் கூசியது. போகப்போக அதுவும் வேலையோடு வேலையாகிவிட்டது.

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். சட்டசபைத் தேர்தலில் மில் தொழிலாளிக்கும் ஓட்டு உண்டு என்று அந்த வருஷம் சொன்னார்கள். முதலாளி நிறுத்திய ஆள் ஒருவர், சங்கத்து ஆள் ஒருவர். ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி. சங்கத்துக்காரர் கேட் சோதனையை ஒழிப்பேன் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கூலியைக் கூட்டித் தருகிறேன் என்றாலாவது அர்த்தம் இருக்கிறது, தடவிப் பார்த்தால் தேய்ந்தா போய்விடுவோம் என்று எல்லோரிடமும் கிண்டல் பேசித் திரிந்தேன். என்னை மில்லில் சேர்த்துவிட்ட மேஸ்திரி எங்கள் ஊர்க்காரர், முதலாளி பக்கம். அவர் சொன்ன பெட்டியில் போடாவிட்டால் வேலை போய்விடும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு எனக்கு வீம்பு எதற்கு?

ஓட்டுச் சாவடி ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. வாசலில் போலீஸ்காரர் ஒருவர் நின்றார். அவரைக் கண்டதும் என்னை அறியாமல் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டேன்.

"கையக் கீழ போடுய்யா. இங்க என்னத்தத் திருடப் போற?" என்றார் அவர்.

உள்ளே மேசை போட்டு உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வரிசையில் என் பின்னால் நின்ற மில்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். எனக்கு அடுத்தவனின் கைகளும் பாதி தூக்கியபடி நின்றன.

பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது. இத்தனை நாள் தேய்ந்துதான் போயிருக்கிறோம். மறைப்புக்குப் பின்னால் போய், சங்கத்துக்காரர் பெட்டியில் சீட்டைப் போட்டேன்.

வெளியே மேஸ்திரி வெற்றிலை மென்றபடி காத்திருந்தார்.

"என்னப்பா, நம்ம பெட்டிதான?"

"ஆமாண்ணே. வேற எதுல போடுவேன்?"

பொய் சொன்ன என் முகத்தை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, அடுத்து வந்தவனிடம் கேட்கப் போய்விட்டார். அங்கேதான் வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. நான் மாற்றிப் போடக்கூடியவன் என்ற நினைப்பே அந்த மனிதருக்கு வரவில்லை.