சிவப்புக் கோட்டைத் தாண்டிய தண்ணீர்

யுத்தம் நடந்த வருஷங்களில் திருத்தணி ஸ்டேஷனுக்குப் பின்புறம் ஒரு பாட்டரிக் கிடங்கு இருந்தது. தந்திக்கும் தொலைபேசிக்கும் வேண்டிய பெரிய பாட்டரிகளை அங்கே நிரப்பி அனுப்புவார்கள். அவற்றில் ஊற்றுகிற தண்ணீர் சுத்தமானதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து வடித்த தண்ணீர் அது. அதில் துளி உப்பு இருந்தாலும் மின்சாரம் சுலபமாக ஓடிவிடும்; அதை அளக்கும் மீட்டர் பெட்டியில் தண்ணீரை ஊற்றிக் கைப்பிடியைச் சுழற்றினால் முள் மேலே ஏறும். பெட்டி முகப்பில் வரைந்திருந்த சிவப்புக் கோட்டைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் உதவாது. நாலெழுத்துப் படித்த மிதப்பில் அந்தப் பெட்டியை நான் யாரையும் தொடவிட மாட்டேன். கடைசியில் அதைக் கெடுத்தவன் நானேதான்.

தண்ணீரை வடிப்பவர் ஆர்.கே.பேட்டை நெசவாளி. நூல் கிடைக்காமல் தறி நின்றுபோனதால் எங்களிடம் வேலைக்கு வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை "சார்" என்பார். ஜாடியின் வாயைத் துணியால் கட்டுவதற்கு முன் கையை மூன்று தடவை கழுவுவார். தினமும் வேலை முடிந்ததும் என் ஜன்னலில் வந்து நிற்பார். "முள்ளு எங்க நின்னுச்சு சார்?" கோட்டுக்கு நூலிழை கீழே என்று சொன்னால் போதும், முகமெல்லாம் சிரிப்பாகிவிடும்.

வாரம் ஒருமுறை மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். அதற்கென்று அளந்து கலந்த உப்புக் கரைசல் மதராஸிலிருந்து ஒரு பாட்டிலில் வரும். கரைசல் சூடானால் முள் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். எத்தனை டிகிரிக்கு முள் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ஓர் அட்டை உண்டு. வெயிலுக்குப் பயந்து பாட்டிலை ஈர மணலில் புதைத்து வைத்திருப்போம். முந்தின நாளே அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, காலையில் தெர்மாமீட்டரைக் கரைசலுக்குள் விட்டுப் பார்த்த பிறகுதான் முள்ளை ஏற்றி இறக்கும் திருகில் கை வைக்க வேண்டும்.

அந்த ஆடிக் கிருத்திகைக்கு நான் பூக்காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு முதல் குழந்தை தங்கவில்லை. இது இரண்டாவது, ஏழாம் மாதம். வாரச் சரிபார்ப்பும் அன்றுதான். முந்தின நாள் பாட்டிலை எடுத்து வைக்க மறந்துபோனேன். கிருத்திகையன்று காலையில் மணலிலிருந்து சில்லென்று எடுத்த கரைசலை அப்படியே ஊற்றினேன். தெர்மாமீட்டரை உள்ளே விடக்கூடப் பொறுமையில்லை. சுவரில் தொங்கிய தெர்மாமீட்டரைப் பார்த்து அந்த டிகிரியையே பதிவேட்டில் எழுதிவிட்டேன். அந்த டிகிரிக்கு அட்டை சொன்ன இடத்துக்கு முள் கீழே நின்றது. பெட்டிதான் மந்தமாகிவிட்டது என்று திருகைப் பலமாகத் திருப்பி முள்ளை மேலே ஏற்றினேன். இனி எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் முள் அதிகமாகத்தான் காட்டும் என்பது அந்த அவசரத்தில் என் மண்டையில் ஏறவில்லை.

நான் மலைக்குக் கிளம்பியபோது நெசவாளி வாசல்வரை வந்தார். "போய்ட்டு வாங்க சார், நான் பாத்துகினு இருக்கேன். எங்க பாப்பாவுக்கு மூணு நாளா ஜொரம் வுடல. மலைமேல சந்தனம் குடுத்தா கொஞ்சம் வாங்கினு வாங்க."

"ஆங், வாங்கி வரேன்" என்றேன்.

மத்தியானம் திரும்பி வந்து வாழையிலைப் பொட்டலத்தை அவரிடம் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிரிக்காமலேயே கொதிகலன் அறைச் சுவரின் மாடப்பிறையில் வைத்தார். வீட்டுக்குப் போய்த் தண்ணீரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டுமாம்.

நாலு மணிக்கு மதராஸ் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். ஜாடியிலிருந்து தானே தண்ணீர் எடுத்தார், கைப்பிடியைச் சுழற்றினார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. நேரே கொதிகலன் அறைக்குள் போனவர் பிறையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார்.

"சந்தனத்தக் கொழச்ச கையோட தண்ணி புடிச்சா வேற என்னய்யா ஆவும்?"

"இல்லீங்க சார், பிரிக்கவே இல்ல. தொட்ட கைய கழுவிட்டுதான் ஜாடிகிட்டயே போனேன்" என்று சொல்லிக்கொண்டே நெசவாளி என்னைப் பார்த்தார்.

அதிகாரியும் என் பக்கம் திரும்பினார். "மீட்டர சரி பாத்தியா?"

"காலையிலதான் பார்த்தேன் சார்" என்று பதிவேட்டை நீட்டினேன். சந்தனத்தைக் கொண்டுவந்தவன் நான்தான் என்றாவது சொல்லியிருக்கலாம். பதிவேட்டைத் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்தேன். மறுநாள் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஒழுங்காகச் சரிபார்த்தபோது, நான் ஏற்றிய அளவுக்குத் திருகைத் திரும்ப இறக்கவேண்டி வந்தது. ஒவ்வொரு நாள் தண்ணீரிலும் ஒரு பாட்டில் எடுத்து முத்திரையிட்டு வைப்பது கிடங்கின் வழக்கம். கிருத்திகை நாள் பாட்டிலைத் தேடி எடுத்து ஊற்றிப் பார்த்தேன். முள் எப்போதும்போலக் கோட்டுக்கு நூலிழை கீழே நின்றது. அந்த மனிதர் சொன்னது அவ்வளவும் உண்மை. ஒரு கடுதாசி எழுதினால் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிடும், எனக்குப் போய்விடும். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் வீட்டிலும் ஜுரத்தில் ஒரு குழந்தை கிடந்தது, எனக்குத் தெரியாதா? பாட்டிலில் மீதியிருந்த தண்ணீரை ஜன்னல் வழியே கொட்டிவிட்டு, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன். திருகைத் திருப்பியது அவசரத்தில் செய்த பிசகு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் காரியத்தை நான் நிதானமாக, தெரிந்தே செய்தேன்.

எனக்கு மகன் பிறந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு தை மாதத்தில் மலைக்குப் போனபோது, படியில் அந்த நெசவாளி எதிரே இறங்கி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கே.ஜி.கண்டிகையில் யாருடைய கழனியிலோ கூலிக்குப் போகிறாராம். ஒளிய இடமில்லாமல் நின்றேன்.

"பாப்பா எப்படி இருக்கா?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"நல்லாகீது சார்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "நானும் ரொம்ப நாளா ரோசன பண்ணிகினேகீறேன் சார். பொட்டலத்த நான் அங்க வெச்சிருக்கக் கூடாது. ஆவி அடிக்கிற எடம், இல வழியா சந்தனம் கொஞ்சம் தண்ணியில எறங்கித்தான் இருக்கும். முள்ளு பொய் சொல்லுமா? என்னால உங்களுக்கும் அந்தப் பெரிய ஆபீசருகிட்ட கெட்ட பேரு. மனசுல வெச்சுக்காதீங்க சார்."

சொல்லிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். என் மகன் அவருடைய துண்டைப் பிடித்து இழுத்தான். அவனுடைய விரல்களை மெதுவாகப் பிரித்துவிட்டபடி அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"பரவாயில்ல, விடுங்க" என்றேன்.