நாற்ற நோட்டு

ஊரில் எல்லோருக்கும் அவள் டெய்லரக்கா. வயது நாற்பத்தாறு. வீட்டுக்காரருக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை; வருஷத்துக்கு ஒரு தடவை தலைகாட்டிவிட்டுப் போவார். முன்னறைதான் கடை. ஒரு மெஷின், துணி வெட்ட ஒரு மேசை, வந்தவர்கள் உட்கார ஜன்னலோரம் ஒரு பெஞ்சு. பள்ளிச் சீருடை தைப்பாள், கால்சட்டை இடுப்பைப் பிரித்து விடுவாள், அறுந்த ஜிப்பை மாற்றிக் கொடுப்பாள். அளவு எடுக்கும்போது வாய் சும்மா இருக்காது. "போன தடவைக்கு இந்தத் தடவை ரெண்டு இஞ்ச் கூடியிருக்கு. நான் வெளியில சொல்லமாட்டேன், துணி சொல்லிடும்" என்பாள்.

ஊரிலேயே கடைசி வீடு அவளுடையது. ஜன்னலைத் திறந்தால் ஒரு தரிசு நிலம். அதைத் தாண்டினால் கோழிப் பண்ணையின் இரண்டு நீளக் கொட்டகைகள்.

மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, இருமல் போனது, அவற்றோடு சேர்ந்து மூக்கும் போனது. சோப்பை முகர்ந்தாலும் ஒன்றுதான், சாக்கடையை முகர்ந்தாலும் ஒன்றுதான். ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியை ஒருவருடைய கோட்டின் மேல் மறந்து வைத்துவிட்டாள். துணி தீய்ந்த வாசனை தெரியவில்லை. புகை கண்ணில் பட்டபோது கோட்டின் முதுகில் ஓட்டை விழுந்திருந்தது. கரண்ட் ஏறி இறங்கிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள். டெய்லருக்கு மூக்கு வேலை செய்யாது என்று தெரிந்தால் யார் துணி கொடுப்பார்கள்? வீட்டுக்காரருக்கு மட்டும் போனில் சொன்னாள். "எனக்கும் இங்க டீசலைத் தவிர ஒரு வாசனையும் இல்ல, விடு" என்றார் அவர்.

பண்ணைக்காரர்கள் இன்னும் எட்டுக் கொட்டகை கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள் என்ற செய்தி வந்ததும் ஊர் கொதித்தது. ஒரு லட்சம் கோழி என்றார்கள். அவளுடைய நாத்தனார், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எதிர்ப்புக்குத் தலைமை ஏற்றுவிட்டார். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். இந்தப் பக்கம், டெய்லரக்காவின் கூடப்பிறந்த தம்பி அதே பண்ணையில் தீவன லாரி ஓட்டினான். நாத்தனாரும் தம்பியும் தெருவில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நடுவில் இவள் இரண்டு பக்கமும் சிரித்துவைத்தாள்.

அப்போதுதான் அனுமதி கொடுக்கும் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நீல அட்டை நோட்டை எடுத்து நீட்டினார்.

"பண்ணைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கறது உங்க வீடுதாம்மா. ஒரு மாசம் தினமும் மூணு வேளை இதுல எழுதணும். காத்து எந்தப் பக்கம், நாத்தம் எவ்வளவு. ஒண்ணுமே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா அஞ்சு."

டெய்லரக்கா திருதிருவென்று விழித்தாள். எனக்கு மூக்கு இல்லை சார் என்று சொல்ல வாயெடுத்தாள். வாசலில் நாத்தனாரும் இன்னும் நாலு பேரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கை தானாக நீண்டு நோட்டை வாங்கிக்கொண்டது.

அதிகாரி தெருமுனை தாண்டுவதற்குள் நாத்தனார் உள்ளே வந்துவிட்டார். "நல்லவேளை, நோட்டு நம்ம வீட்டுக்கே வந்துச்சு. கண்ணை மூடிட்டு அஞ்சு அஞ்சா போடு."

"நிஜமாவே அவ்வளவு நாறுதா அண்ணி?"

"என்ன கேள்வி கேக்கற? உனக்கு வரலையா?"

"வருது, வருது" என்றாள் அவசரமாக.

சாயங்காலம் தம்பி வந்தான். வழக்கம்போல வாசற்படிக்குக் கீழேயே நின்றான். நாலு வருஷமாக அப்படித்தான். உள்ளே வா என்றால் வேலை இருக்கிறது என்பான். தன் மேல் ஏதோ கோபம் என்று அவள் நினைத்திருந்தாள். என்ன கோபம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"அக்கா, நான் எதுவும் சொல்லல. உனக்குத் தோணறதைப் போடு. ஆனா இது நின்னுபோச்சுன்னா ஆளுங்களைக் குறைச்சிடுவாங்க, அவ்வளவுதான்."

அவனும் போனபிறகு அவள் ஜன்னலைத் திறந்து வைத்து மூச்சை இழு இழு என்று இழுத்துப் பார்த்தாள். தலை சுற்றியதுதான் மிச்சம்.

அடுத்த நாளிலிருந்து வந்தவர்களைக் கேட்க ஆரம்பித்தாள். நேராகக் கேட்கமாட்டாள். அளவு நாடாவைத் தோளில் வைத்தபடி, "இன்னிக்குக் காத்து எப்படி இருக்கு?" என்பாள். பால்காரர் "குடலைப் புரட்டுது" என்றார். அதே நேரம், அதே பெஞ்சில், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர், "எங்க? ஒண்ணும் வரலையே" என்றார். பேக்கரிக்காரருக்குப் பண்ணையிலிருந்து முட்டை வருகிறது. பால்காரருடைய கிணறு பண்ணைக்குப் பக்கம். அவரவர் மூக்கு அவரவர் முகத்தில்தான் இருக்கிறதா, வேறெங்காவது இருக்கிறதா என்று அவளுக்குக் குழப்பமாகிவிட்டது. நர்ஸ் அம்மா காலையில் மூன்று என்பார். சாயங்காலம், காலையில் சளியாக இருந்தது, அதை அடித்துவிடு என்பார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது அவளுக்கு. கடைசியில் யார் என்ன சொன்னார்களோ அதை அப்படியே எழுதினாள். 'பால்காரர் அஞ்சு. பேக்கரிக்காரர் பூஜ்யம். காற்று தெற்கு.' கண்ணுக்குத் தெரிந்ததையும் ஓரத்தில் எழுதிவைத்தாள்: வெட்டு மேசையில் இன்று பதினொரு ஈ, வெள்ளைத் துணி மேல் இருபத்து மூன்று.

மாசக் கடைசியில் பள்ளிக்கூட ஹாலில் விசாரணை. ஒரு பக்கம் நாத்தனாரின் ஆட்கள், இன்னொரு பக்கம் பண்ணை மேனேஜரும் வேலையாட்களும். தம்பி கதவோரம் நின்றிருந்தான். அதிகாரி நோட்டைப் புரட்டினார். இரண்டு பக்கம் புரட்டியதும் புருவம் ஏறியது.

"என்னம்மா இது? ஒரே நேரத்துல பூஜ்யமும் இருக்கு, அஞ்சும் இருக்கு? உங்க கணக்கு எது?"

டெய்லரக்கா எழுந்தாள். நாத்தனார் கண்ணாலேயே அஞ்சு என்றார். மேனேஜர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது சார். எனக்கு மூணு வருஷமா எந்த வாசனையும் தெரியறதில்ல. அதான் எல்லாரையும் கேட்டு எழுதினேன்."

ஹாலில் யாரோ களுக்கென்று சிரிக்க, சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. கோட்டுக்காரர் எழுந்தே விட்டார்: "அப்போ என் கோட்டு?" மேனேஜர், நோட்டு செல்லாது, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். நாத்தனார் சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். டெய்லரக்காவுக்குக் காது சுட்டது. பொய் சொல்லாததற்கு ஏன் இவ்வளவு கூச்சமாக இருக்கிறது என்று விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து மெஷின் முன் இடித்துவைத்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். தம்பி வந்து வாசற்படிக்குக் கீழே நின்றான்.

"நிஜமாவா அக்கா? ஒண்ணுமே தெரியாதா?"

"ஒண்ணுமே தெரியாதுடா."

அவன் தலையைச் சொறிந்தான். "நான் ஏன் இங்கேயே நிக்கிறேன்னு நினைச்ச?"

"கோபம்னு நினைச்சேன்."

"என்ன கோபம்? மூணு தடவை சோப்புப் போட்டுக் குளிச்சாலும் போகமாட்டேங்குது அக்கா. சட்டையில, தலைமுடியில, எல்லாத்துலயும். துணி தைக்க வர்ற இடம், உள்ள வந்தா உன் பிழைப்புக் கெட்டுடும்னுதான் வெளியிலயே நின்னேன்."

அவள் அவனைப் பார்த்தாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள். நாலு வருஷத்தில் முதல் தடவை. சட்டைக் காலரில் நூல் பிரிந்திருந்தது. கழற்றச் சொல்லித் தைத்துக் கொடுத்தாள். அப்போ நாறுவது நிஜம்தானே, பால்காரர் சொன்னதுதானே சரி என்று ஊசி ஏறி இறங்கும்போதெல்லாம் தோன்றியது. அவனிடம் கேட்கவில்லை. சட்டையில் நாறுவது வேறு, ஊருக்குள் நாறுவது வேறா? அதுவும் தெரியவில்லை.

இரண்டு மாசம் கழித்து உத்தரவு வந்தது. எட்டுக்குப் பதில் மூன்று கொட்டகை. கழிவைக் குழி வெட்டி மூட வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்று ஊர்க்காரர்களும் சொன்னார்கள், மேனேஜரும் சொன்னார். யார் ஜெயித்தது என்று டெய்லரக்கா நாலு பேரைக் கேட்டாள். நாலு பதில் கிடைத்தது.

மூன்றும் வேண்டாம் என்று மேல்முறையீடு எழுதிக்கொண்டு ஒரு நாள் நாத்தனார் வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டே காகிதத்தை மேசையில் வைத்தார்.

"உன் தம்பி இருக்கறான், கையெழுத்துப் போடமாட்ட. ஆனாலும் கேக்காம போகக்கூடாதுன்னு வந்தேன்."

டெய்லரக்கா இரண்டு தடவை படித்தாள். நாற்றம் தாங்க முடியவில்லை என்று ஒரு வரி, ஈ மொய்க்கிறது என்று ஒரு வரி, கிணற்றுத் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று ஒரு வரி. பால்காரருடைய கிணற்றை அவளே எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"அண்ணி, முதல் வரி எனக்குத் தெரியாது. அதை அடிச்சிட்டுப் போடலாமா?"

"உன் பேருக்கு நேரா எழுதிக்கோ. மத்தவங்க வரியை அடிக்காத."

'ஈயும் தண்ணீரும் பார்த்தேன். வாசனை எனக்குத் தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நாத்தனார் படித்துப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள். அவர் காகிதத்தை மடித்துக்கொண்டு, "டாக்டரைப் பாத்தியா இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

போட்டது சரியா தப்பா என்று மதியம் முழுக்க மனசு அலைபாய்ந்தது. ஒரே கால்சட்டைக்கு இரண்டு தடவை மடிப்புப் பிரித்தாள். கடைசியில் தம்பிக்கு போன் செய்தாள். லாரி சத்தத்துக்கு நடுவே எடுத்தான்.

"டேய், நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

லாரி சத்தம் மட்டும் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குது. போட்டுட்டியா, சரி." "ஞாயித்துக்கிழமை வரேன். ரெண்டு பேன்ட் இருக்கு, கீழ மடிச்சுத் தைக்கணும்."

வைத்துவிட்டான். அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.