தாலி கட்டுமிடத்தில் நிற்காத கொம்பியூட்டர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் ரொறன்ரோவில் என்னென்ன கட்டி எழுப்பினான் என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் சொல்லப் போவதில்லை. வெக்ஸ்போர்டில் ஒரு பிளாசாவின் பின்பக்கத்து அறையில், தண்ணீர்க் குழாய்கள் ஓடும் கூரைக்குக் கீழே, கலியாண வீடியோ ஸ்ரூடியோ கட்டினேன். இரண்டு வீடியோ டெக்குகளை வயரால் பிணைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிந்து படம் வெட்டினேன். பிள்ளைவண்டியின் சில்லுகளைக் கழற்றிப் பலகையில் பூட்டி, கமரா மண்டபத்துக்குள் வழுக்கிக்கொண்டு போக வண்டி செய்தேன். திரையில் தமிழ் எழுத்துப் போட வழியில்லாத காலத்தில், கண்ணாடியில் வெள்ளைப் பெயின்ரால் மாப்பிள்ளை பொம்பிளை பெயரை எழுதி, பின்னால் கறுப்புத் துணி கட்டிப் படம் பிடித்துச் சேர்த்தேன். பனி கொட்டுகிற நாளில் விளக்குகளைச் சுமந்துகொண்டு ரெக்ஸ்டேல் வரைக்கும் பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு கலியாணத்துக்கும் பிந்தியதில்லை. இங்கிலிஷ் தெரியாது, கார் இல்லை, சொல்லித்தர ஆளில்லை. எல்லாம் என் கையால்.

அந்த ஸ்ரூடியோவில் இப்போது எனக்குக் கதிரை இல்லை. ஒரு கொம்பியூட்டர் வாங்கினோம், கதிரை போய்விட்டது. வாங்க வைத்தவனும் நான்தான்.

பழைய கொம்பியூட்டர் என்னோடு பல வருடம் இருந்தது. போன மாரியில் அது இழுக்கத் தொடங்கியது. மற்ற இடமெல்லாம் ஓடும், தாலி கட்டுகிற இடத்தில் நின்றுவிடும். காரணம் எனக்குத் தெரியும். அந்த ஒரு நிமிடத்தில் மூன்று கமராவும் ஓடுகின்றன. சபை முழுக்கப் பூவும் அரிசியும் எறிகிறது, ஆளுக்கொரு போனைத் தூக்கி வெளிச்சம் அடிக்கிறது. படத்தில் அசையாத இடம் ஒன்று கிடையாது. அவ்வளவையும் தாங்கிக்கொள்ள அதற்குப் பலம் போதவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படத்தை முடித்துக் கொடுப்பதற்கு முன் பெண் வீட்டார் வந்து பக்கத்தில் இருந்து பார்ப்பார்கள். எந்தச் சொந்தம் விடுபட்டது, எந்தச் சொந்தம் இரண்டு தரம் வந்தது என்று சொல்லித் திருத்துவார்கள். அப்படி ஒரு பெண்ணின் தாய் வந்திருந்தார். கெட்டிமேளம் கேட்டது. மாப்பிள்ளையின் கை தாலிக்கொடியோடு கழுத்துக்குப் பின்னால் போனது. படம் அப்படியே நின்றது. மேளச் சத்தமும் நின்றது.

"அண்ணை, ஏன் நிண்டது?"

"மெசின் பழசு தங்கச்சி. கொஞ்சம் பொறுங்கோ."

நான் திரும்ப ஓடவிட்டேன். அதே இடத்தில், முடிச்சு விழமுதல், திரும்பவும் நின்றது. அந்தத் தாயின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. எழும்பிக் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"உதில என்ரை பிள்ளையின்ரை கலியாணத்தை இனித் தொடாதேங்கோ அண்ணை. வேற மெசினில செய்து தாங்கோ. இல்லாட்டி வேற ஆளிட்டைக் குடுக்கிறன்."

சகுனம் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பெண் வீட்டார் பார்த்திருக்க, என் கையில் ஒருவரின் தாலி பாதியில் நின்றது அதுதான் முதல்தரம்.

அந்தக் கிழமையே மகனிடம் சொன்னேன். மிசிசாகாவில் அவன் வேலை செய்த கந்தோர் ஆட்களைக் குறைத்து, அவனும் வீட்டில் நின்ற நேரம். அவன் யோசித்துவிட்டு, "நான் ஸ்ரூடியோவுக்கு வாறன் அப்பா" என்றான். எத்தனையோ வருடமாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். "ஆனா நல்ல கேமிங் மெசினா எடுக்கவேணும். பகல் எடிட்டிங், பின்னேரம் நான் விளையாடுவன்."

மகன் முப்பது வயது தாண்டியவன். துவக்குச் சுடுகிற விளையாட்டு. அவன் விளையாடுவதை வேறு நாடுகளில் இருந்து ஆட்கள் பார்க்கிறார்களாம்.

"கலியாணம் எடுத்தாச் சாப்பாடாவது போடுவினம். உதுக்கு என்ன போடுகினம்?"

"லைக் போடுகினம் அப்பா."

"வயிறு நிரம்புமோ?"

"உங்கடை கலியாணச் சாப்பாட்டை விட நல்லாயிருக்கும்."

சிரித்தேன். அவன் வருகிறான் என்ற சந்தோஷத்தில் எதற்கும் சிரிக்கிற நிலையில் இருந்தேன்.

கடைக்கு இரண்டு பேரும் போனோம். விற்கிற பொடியன் தமிழ்ப் பொடியன்தான். ஆனாலும் அவனும் மகனும் இங்கிலிஷில் பேசிக்கொண்டார்கள். கிராபிக்ஸ் கார்ட், ராம், பிராசசர் என்று இடையிடையே எனக்கும் தெரிந்த சொற்கள் வந்து போயின. மகன் ஒரு லப்டொப்பில் கை வைத்துவிட்டான். மெல்லியது, விசைப்பலகைக்கு அடியில் நீலமும் சிவப்பும் மாறி மாறி எரிந்தது. எல்லா விளையாட்டும் அதில் ஓடுமாம்.

நான் சட்டைப்பையிலிருந்து டிரைவை எடுத்தேன். அந்தத் தாயின் மகள் கலியாணம், மூன்று கமராப் படமும் முழுதாக இருந்தது.

"தம்பி, இதில தாலி கட்டுற இடத்தைப் போடுங்கோ. திரும்பத் திரும்ப, நான் போதும் எண்டு சொல்லுமட்டும்."

"அங்கிள், இது லேட்டஸ்ற் மொடல். ஒண்டும் செய்யாது."

"ஒண்டும் செய்யாட்டிப் போட்டுக் காட்டுங்கோவன்."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். பொடியன் போட்டான். முதலில் தண்ணீர் போல ஓடியது. திரும்பப் போடச் சொன்னேன். விசிறி இரையத் தொடங்கியது. திரும்பவும் போடச் சொன்னேன். மெசினின் அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரிச் சுட்டது, பூவும் அரிசியும் விழுகிற இடத்தில் படம் இழுத்தது. நிற்கவில்லைத்தான், ஆனால் இழுத்தது. பக்கத்தில் ஒரு பெரிய பெட்டி, காற்றுப் போக்குவரத்து நன்றாக உள்ள டெஸ்க்டொப், கார்டும் பெரியது. அதில் போட்டோம். எத்தனை தரம் போட்டாலும் முடிச்சு மூன்றும் ஒழுங்காக விழுந்தது.

"அப்பா சொல்லுறது சரிதான்" என்று மகன் பொடியனுக்குச் சொன்னான். "விளையாட்டுக்கும் இது நல்லது."

அவன் வாயால் அதைக் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

பெட்டியைக் கொண்டுவந்து வைத்தோம். சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். படம் வெட்டுகிற என்னுடைய புரோகிராமைத் தேடினேன். இல்லை.

நான் இங்கிலிஷ் வாசித்து வேலை பழகியவன் அல்ல. எங்கே என்ன நிறத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பழகியவன். சவர அலகு மாதிரி இருப்பது வெட்ட, பச்சைக் கோடு சத்தத்துக்கு, இடப்பக்கக் கடைசி மூலை எழுத்துக்கு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கலியாணம் முடிப்பேன். அந்தப் பழைய புரோகிராம் இந்த மெசினில் ஏறாதாம். புதியதைத் திறந்தால், சாம்பல் நிறத்தில் எல்லாம் ஒரேமாதிரிப் பொத்தான்கள். கொம்பியூட்டர் எலியைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர் தெரியாதவன் சந்தியில் நிற்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"இது ஏறாது எண்டு உனக்கு முதலே தெரியுமோ?"

"தெரியும் அப்பா."

"ஏன் சொல்லேல்லை?"

அவன் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். "நீங்கள் இனி ரெஸ்ற் எடுப்பீங்கள் எண்டு நினைச்சன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். அன்பாகச் சொன்னான். எழும்பினேன். அவன் உட்கார்ந்தான். கதிரையின் உயரத்தைத் தன் காலுக்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொண்டான்.

அந்தத் தாயின் மகள் கலியாணத்தை அவன்தான் வெட்டினான். நான் பின்னால் நின்று, "பெரியம்மா வாற இடத்தை எடுக்காதை" என்பேன். காதில் ஹெட்போன், கேட்காது. தோளில் தட்டுவேன். "ஓம் அப்பா, பாப்பம்" என்பான். பின்னேரமானால் அதே திரையில் துவக்குச் சூடு. யாரோ ஒருவன் விழுந்து சாகிறான், உடனே எழும்பி ஓடுகிறான். கொஞ்சநாளில் நான் பின்னால் நிற்பதையும் விட்டேன். பிளாசாவில் கோப்பியோடு உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போவேன். ஸ்ரூடியோக் கதவுத் திறப்பில் ஒன்றை அவனுக்கு வெட்டிக் கொடுத்திருந்தேன், என்னுடையது என் சட்டைப்பையில்தான் இருந்தது. திறக்கத்தான் தேவையிருக்கவில்லை, நான் போகுமுன் அவன் திறந்திருப்பான்.

அந்தத் தாய் படம் பார்க்க வந்தார். கெட்டிமேளம் கேட்டது. நான் கதவடியில் நின்றேன். பூ விழுந்தது, அரிசி விழுந்தது, மூன்று முடிச்சும் விழுந்தது. அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"தம்பி, உமக்கு நல்ல கை" என்று மகனுக்குச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணை, இனி உங்களுக்கென்ன கவலை, பிள்ளை எல்லாம் பாக்கிறான்" என்றார்.

படம் முடிந்து கடைசித் திரை வந்தது. மகன் புதிதாக வைத்த ஸ்ரூடியோப் பெயர், கீழே அவன் பெயர். வேறொன்றும் இல்லை. அவர் போனபின், என் பெயர் எங்கே என்று கேட்டேன்.

"உதை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை அப்பா. அதுக்குள்ள நிப்பாட்டிப் போடுவினம்."

இப்போதும் கலியாணங்களுக்குப் போகிறேன், மணவறைக்கு முன்னால் நிற்கிற கமரா இன்னும் என் கையில்தான். அந்தத் தாய் பார்த்து அழுத முடிச்சு, என் கமராவில் விழுந்த முடிச்சு. அது நிற்காமல் ஓடியது, நான் தெரிந்தெடுத்த பெட்டியில். நான் இல்லாவிட்டால் மகன் அந்த லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பான். மற்றவர்கள் வாசிக்காவிட்டால் பரவாயில்லை. மகனே, நான் வாசிப்பேன். எட்டாம் வகுப்புத் தமிழ் அதற்குப் போதும். அடுத்த படத்திலிருந்து கடைசித் திரையில் என் பெயரைப் போடு. நன்றி சொல்லுகிற வரிசையில் வேண்டாம். ஒளிப்பதிவு என்று ஒரு வரி, கணினித் தெரிவு என்று இன்னொரு வரி. என் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு, முழுப்பெயராக, உன் பெயருக்கு மேலே.