ஆறு பேர் ஏறினால்தான் நகரும் பாஸ்ஸூவின் டாக்ஸி

எங்கள் மலையடிவார ஊரான திங்கீரில் பாஸ்ஸூவின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், குரல் தெரியாதவர்கள் கிடையாது. இருபத்தாறு வருடமாக டாக்ஸி ஸ்டாண்டில் நின்று பக்கத்து ஊருக்கு ஆள் சேர்க்க "பூமால்ன், பூமால்ன்! ஒரு சீட்டு, ஒரே ஒரு சீட்டு!" என்று கத்துகிறவன் அவன்தான். வண்டி முழுக்கக் காலியாக இருந்தாலும் ஒரே ஒரு சீட்டு என்றுதான் கத்துவான். முன்னால் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர். ஆறாவது ஆள் ஏறிக் கதவைச் சாத்தும்வரை அந்தப் பழைய பென்ஸ் அசையாது. வீட்டிலும் இதே கதைதான். மூன்று பெண்களும் கல்யாணமாகிப் போனபின், எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் தட்டைச் சுற்றி ஆள் போதவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் ரொட்டியைப் பிய்ப்பான் என்று அவன் மனைவி ஹட்டா சொல்லிச் சிரிப்பாள்.

நான் போன் ரிப்பேர் கடைக்காரன். ஆஸ்ஸூ கசாப்புக் கடைக்காரன். மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். தோத்ரா பள்ளத்தாக்கு வழியாக மேலே ஏறி, மலையைச் சுற்றிக்கொண்டு தாதெஸ் பள்ளத்தாக்கு வழியாக இறங்க வேண்டும் என்று இளவயதிலிருந்தே பேசிக்கொண்டிருந்தோம். போன ஏப்ரலில் ஒருநாள் நிஜமாகவே கிளம்பிவிட்டோம். ஆஸ்ஸூ ஆட்டிறைச்சியும் அதைக் குத்திச் சுடும் கம்பிகளும் கொண்டுவந்தான். நான் டீ கெட்டிலும் தர்பூசணியும்.

ஏறி உட்கார்ந்தோம். பாஸ்ஸூ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பின் சீட்டைக் காட்டும் கண்ணாடியையே பார்த்தான்.

"என்னடா, ஸ்டார்ட் பண்ணு."

"இன்னும் நாலு பேரு."

"டேய், இன்னிக்கு நாம ஊர் சுத்தப் போறோம்டா!"

"தெரியுது. கைதான் திரும்ப மாட்டேங்குது."

ஆஸ்ஸூ தர்பூசணியைப் பின் சீட்டில் வைத்தான். "இந்தா, மூணாம் நம்பர் ஆளு. தலையைப் பாரு, நம்ம ஊர்த் தலைவர் மாதிரியே இல்ல?"

பாஸ்ஸூ சிரித்தான். சாவி மட்டும் திரும்பவில்லை. கடைசியில் நானே கையை நீட்டித் திருப்பினேன்.

ஊர் எல்லை தாண்டவில்லை, பிரேக். மடியில் சேவலோடு ரோட்டோரம் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். பெயர் தூதா. பள்ளத்தாக்குக்கு மேலே தம்தாதூஷ்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக வேண்டுமாம். "ஏறுங்க பெரியம்மா" என்றான் பாஸ்ஸூ. பேரீச்சந்தோப்பருகே ஒரு கொத்தனாரும் அவர் மச்சானும் ஒரு மரக்கதவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கதவு வண்டிக் கூரைக்கு ஏறியது, அவர்கள் உள்ளே ஏறினார்கள். ஐந்தாகிவிட்டது. பாஸ்ஸூவின் முகத்தில் உயிர் வந்தது.

பள்ளத்தாக்கின் இடுக்குக்குள் நுழைந்ததும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஒரு சீட்டு!" என்று கத்தினான். இரண்டு பக்கப் பாறையும் சேர்ந்து "சீட்டு, சீட்டு, சீட்டு" என்றன.

"மூணு பேர் பதில் சொல்றாங்க பாரு, ஏத்திக்கோ" என்றான் ஆஸ்ஸூ.

அப்போதுதான் எதிரே மேலிருந்து ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளில் இறங்கி வந்தார். எங்களைப் பார்த்து மரியாதைக்குக் கையைத் தூக்கினார். கையைத் தூக்கினால் பாஸ்ஸூவுக்கு ஒரே அர்த்தம்தான். குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்து ஓடினான். அவனுக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தமும் "ஏறுங்க", "சீக்கிரம்", "இறங்குங்க". முதல் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னான். மனிதர் வெளிறிப்போனார். ஒரு நிமிடத்தில் சைக்கிள் கூரையில் கதவின் மேல் ஏறிவிட்டது, அவர் பின் சீட்டில் எனக்கும் சேவலுக்கும் நடுவில் இருந்தார்.

கொஞ்ச தூரம் போனபின் அவர் என்னிடம் பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டார். "வெள்ளம் எவ்வளவு தூரத்துல வருதுங்க?"

"எந்த வெள்ளம்?"

"பள்ளத்தாக்குல உள்ளூர் ஆள் ஓடிவந்து ஏறு ஏறுன்னா வேற என்னங்க அர்த்தம்?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் பின் ஜன்னல் வழியே, தான் மூன்று நாள் மிதித்து ஏறி இறங்கிய வழி மறுபடி அடியில் போவதைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். தூதா பெரியம்மா, அழுகிறார் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தாள். "பசியா இருக்கும் பாவம். ஏம்ப்பா, அந்த இறைச்சியை எப்பச் சுடுவே?"

தம்தாதூஷ்தில் அவள் மகள் வீட்டு முற்றத்தில்தான் சுட்டோம். தாதெஸ் உச்சியில் சாப்பிட வேண்டிய இறைச்சியை, கொத்தனாரும் மச்சானும் மகள் பிள்ளைகளும் சேர்ந்து முடித்தார்கள். சைக்கிள்காரர் நாலு கம்பி இறைச்சி சாப்பிட்டுவிட்டு, எல்லாரிடமும் கைகொடுத்து, பாஸ்ஸூவிடம் மட்டும் எட்ட நின்று கும்பிடு மாதிரி ஏதோ செய்து, இறக்கத்தில் பறந்துவிட்டார்.

மீண்டும் நாங்கள் மூவர் மட்டும், மூவரும் முன் சீட்டில். பாஸ்ஸூ கண்ணாடியைக் கூரைப்பக்கம் திருப்பிவிட்டு ஓட்டினான்.

"ஏண்டா?"

"பின்னாடி தலை தெரியலேன்னா, யாரையோ வழியில விட்டுட்டு வந்த மாதிரி நெஞ்சு அடிச்சுக்குது. நீங்க சிரிங்க, பரவாயில்ல."

நாங்கள் சிரிக்கவில்லை. ஆஸ்ஸூ வண்டியை நிறுத்தச் சொல்லி, முன் சீட்டிலிருந்து இறங்கிப் பின்னால் போய் நடுவில் உட்கார்ந்துகொண்டான். கண்ணாடி பழையபடி திரும்பியது.

இன்னும் மேலே, ஐத் ஹானி என்ற ஊரில் அன்று சந்தை. "மேலே போக நாலு பேர் பிடிச்சுட்டு வரேன்" என்று பாஸ்ஸூ இறங்கினான். நாங்கள் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் வண்டிக்குள் ஆறு தலை. வெங்காய மூட்டை, இரண்டு கம்பளம் எல்லாம் கூரையில். எல்லாரும் திங்கீர் போகிறவர்கள்.

"டேய், நாங்க?"

பாஸ்ஸூ எங்களை நிஜமான வருத்தத்தோடு பார்த்தான். "ஆறு முடிஞ்சுபோச்சேடா. நீங்க நம்ம ஆளுங்க, கோவிச்சுக்க மாட்டீங்க. இவங்ககிட்ட இறங்குங்கன்னு சொல்ல முடியுமா?"

"தாதெஸ் என்னடா ஆச்சு?"

"அந்தப் பக்கம் போக ஒரு ஆளும் இல்லடா!"

போய்விட்டான். அரைமணி நேரம் ஆஸ்ஸூ அவன் ஏழு தலைமுறையையும் திட்டினான். பிறகு சந்தையிலிருந்து இறங்கும் ஆட்டு லாரி ஒன்று கிடைத்தது. மேலே வைக்கோல் கட்டுகளின் மீது மல்லாந்து படுத்துக்கொண்டோம். இடுக்குக்குள் லாரி நுழைந்தபோது மாலை வெயில் பாறையின் மேல்பாதியில் மட்டும் சிவப்பாக நின்றது. நடுவே துணிக்கிழிசல் அளவுக்கு வானம். இந்த வழியில் நூறு தடவை போயிருப்பேன், மேலே பார்த்தது அன்றைக்குத்தான். ஆஸ்ஸூகூடத் திட்டுவதை மறந்து மேலேயே பார்த்துக்கொண்டு வந்தான். கீழே ஆடுகள் மட்டும் கத்திக்கொண்டே வந்தன.

திங்கீர் ஸ்டாண்டில் பாஸ்ஸூ எங்களுக்காகச் சூடாக மூன்று டீ வாங்கி வைத்துக் காத்திருந்தான். உடம்பெல்லாம் வைக்கோலும் ஆட்டு நாற்றமுமாக இறங்கினோம்.

"எப்படி இருந்துச்சு?" என்றான்.

"அருமைடா" என்று ஆஸ்ஸூ உண்மையைச் சொல்லிவிட்டு, டீயை ஒரே மடக்கில் குடித்து, பாஸ்ஸூவுடையதையும் எடுத்துக் குடித்தான்.