குறையை அடுத்தவன்தான் வைக்க வேண்டும்

கரண்டு போனதும் தறி செட்டில் ஒரு நிமிஷம் எல்லாரும் கத்திக்கொண்டுதான் இருப்பார்கள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டைகள். பிறகுதான் சத்தம் நின்றது உறைத்துக் குரல் இறங்கும். எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் கரண்டு போகாத நாள் குறைவு. பெரிய ஆட்கள் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். நாங்கள் மூன்று பேர் செட்டின் பின்பக்கம், நூல் மூட்டைகளுக்கு இடையில், சாக்கட்டியால் தரையில் கோடு போட்டு உட்காருவோம்.

ஒருவன் பாத்திரக்கடைக்காரர் மகன். செட்டில் அவனுக்கு வேலை கிடையாது. கடையிலிருந்து நழுவி வருவான். இன்னொருவன் என்னோடு தார் சுற்றியவன். தறியில் ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் நூல் சுற்றித் தருவதுதான் தார் சுற்றுவது. உட்கார்ந்து செய்கிற வேலை. சிறு வயதில் காய்ச்சல் கண்டு அவனுக்கு இடது கால் சூம்பிப்போயிருந்தது. முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி நடப்பான். மூன்றாவது நான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. இன்றைக்கும் அப்படித்தான்.

சாதாரணத் தாயமாகத்தான் ஆரம்பித்தது. காய்களுக்கு ஆள் பேர் வைத்தோம். பேர் வந்ததும் கதையும் வந்தது. மேற்கே தெரிகிற மலைமேல் ஒரு கோட்டை, அதற்குள் ஒரு பெட்டி. கதையைச் சொல்வது கடைக்காரர் மகன். "ஆத்துல வெள்ளம் வருது. என்ன செய்யுதிய?" என்பான். செய்வதைச் சொல்லிவிட்டுப் பித்தளைத் தாயக்கட்டையை உருட்ட வேண்டும். விழுவதைப் பொறுத்து நடக்கும், அல்லது நடக்காது.

ஆளுக்கு ஒரு வரம் என்று வைத்தோம். கடைக்காரர் மகன் மறைந்துபோகிற வரத்தை எடுத்துக்கொண்டான். முதல் நாளே மறைந்து, கோட்டைக்குள் போய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

"கிடைச்சிட்டு. பொறவு?" என்றான்.

பொறவு ஒன்றும் இல்லை. கரண்டு வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அதற்குப் பிறகுதான் நான் சட்டம் யோசிக்க ஆரம்பித்தேன். பேச வராதவனுக்கு யோசிக்க நேரம் இருக்கும். பெரிய காரியத்துக்கு வரம் பலிக்க வேண்டுமானால் தாயம் விழ வேண்டும். பலித்தால் அடுத்த ஆட்டம் சும்மா இருக்க வேண்டும். வரம் உள்ளவனுக்கு ஒரு குறையும் வேண்டும். குறையை அவனவனே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டதில், "என் ஆளுக்குக் குறை, ரொம்ப நல்லவன்" என்றான் கடைக்காரர் மகன். அதனால் குறையை மற்ற இரண்டு பேரும் சேர்ந்துதான் வைக்க வேண்டும் என்று மாற்றினோம்.

அவனுடைய ஆள் தின்பண்டத்தைக் கண்டால் அங்கனயே நின்றுவிடுவான் என்று வைத்தோம். என் ஆள் பறவை பாஷை பேசுவான், ஆனால் மனுஷன் முன்னால் வாய் திறக்கமாட்டான். கால் சூம்பியவன் எடுத்தது சுவர் ஏறுகிற வரம். நானும் கடைக்காரர் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "உன் ஆளுக்குச் செவப்பு நெறம் தெரியாது" என்றான் அவன்.

கொஞ்ச நேரம் தாயக்கட்டையை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டே இருந்தான் மற்றவன்.

"இவனுக்கு வாய். உனக்கு வயிறு. ரெண்டும் உள்ளதத்தான் வச்சிருக்கு. எனக்கு மட்டும் என்னல செவப்பு?"

"ஏலே, ஒரு வெளையாட்டுக்கு..."

"வெளையாட்டுக்குத்தான் கேக்கேன். நொண்டின்னு வையி."

அப்படியே வைத்தோம். அந்த ஆளால் ஆற்றைக் கடக்க முடியாது என்று நான் சட்டம் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "மெதுவா வருவான்னு வையி. வரமாட்டான்னு வைக்காத" என்றான். நடக்கிற காரியம் எதுவானாலும் அவன் ஆள் ஒரு ஆட்டம் பொறுத்துத்தான் உருட்ட வேண்டும் என்று முடிவானது. எங்கள் சட்டங்களிலேயே கடைசிவரை மாறாமல் இருந்தது அதுதான்.

அந்தக் கோடையில் ஒரு தறிக்காரர் வேலையை விட்டுப் போனார். இரண்டு தறிகள் ஆள் இல்லாமல் நின்றன. கால் சூம்பியவனுக்குத் தறி ஓட்டத் தெரியும். முதலாளி இல்லாத நேரங்களில் கற்றுக்கொண்டிருந்தான். அறுந்த இழையை அவன் முடிகிற வேகம் எனக்கு வராது. ஊரில் தன்னைத் தார்க்காரன் என்று சொல்லாமல் தறிக்காரன் என்று சொல்ல வேண்டும் என்பது அவனுக்கு இருந்த ஒரே ஆசை.

"நாள் பூரா நிக்கணும்லா?" என்றான் கடைக்காரர் மகன்.

"மெதுவா நிப்பேன்" என்றான். மூன்று பேரும் சிரித்தோம்.

முதலாளி நல்ல மனுஷர். அதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை. அவன் போய்க் கேட்டபோது நான் பக்கத்தில்தான் தார் பெட்டி நிரப்பிக்கொண்டிருந்தேன்.

"உனக்கு எதுக்கு மக்கா இந்தக் கஷ்டம்? உக்காந்து பாக்குத வேலை இருக்கு. கால் தடுக்கி பெல்ட்டுல விழுந்தா உங்க ஐயாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"ஒரு வாரம் மட்டும் பாருங்க அண்ணாச்சி."

"உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ வா. நாளையிலேருந்து அந்த ரெண்டு தறியில நில்லு" என்றார்.

அடுத்து கரண்டு போன மத்தியானம் வழக்கம்போல உட்கார்ந்தோம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவனுடைய காய், உடைந்த தார்க்குச்சியின் ஒரு துண்டு. ஆற்றைக் கடந்து, மலை ஏறி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆட்டம் பொறுத்துப் பொறுத்து, கோட்டைச் சுவரின் அடிக்கு வந்திருந்தது. ஏற வேண்டுமானால் தாயம். உருட்டினான். ஐந்து. மறுபடி அவன் முறை வந்தது. மூன்று. அதற்கடுத்ததும் மூன்று.

கடைக்காரர் மகன் என்னைப் பார்த்தான். பிறகு இதமாகச் சொன்னான். "சரில, ஏறிட்டான்னு வச்சுக்கிடுவோம்."

"என்ன விழுந்திருக்கு?"

"மூணு. இருந்துட்டுப் போட்டும்ல. நமக்குள்ளதான?"

அவன் தாயக்கட்டையைக் கோட்டுக்கு வெளியே வைத்தான்.

"அண்ணாச்சி ஏறவே வேண்டாம்னாரு. நீ ஏறாமலே ஏறிட்டான்னு சொல்லுத. ரெண்டு பேரும் என்னய உருட்ட விடலயேல."

கையை முழங்காலில் ஊன்றி எழுந்து போனான். அந்த ஆட்டத்துக்கு அவன் மறுபடி வரவில்லை. இரண்டு பேராக ஆடிப் பார்த்தோம். கதை நகரவில்லை. கடைக்காரர் மகனும் வருவதைக் குறைத்துக்கொண்டான். பஞ்சுத் தூசி படிந்து சாக்கட்டிக் கோடுகள் மங்கின. தார்க்குச்சித் துண்டு கொஞ்ச நாள் சுவரடியிலேயே கிடந்தது. பிறகு யாரோ பெருக்கித் தள்ளியிருப்பார்கள்.

என் இரண்டு தறிகளுக்கும் அவன் சுற்றிய தார்தான் வந்தது. பெட்டியைக் கொண்டுவந்து என் காலடியில் வைப்பான். தறியைத்தான் பார்ப்பான். தறி ஓடும்போது எதுவும் பேச முடியாது. கரண்டு போனால்தான் பேசலாம். கரண்டு போனால் அவன் வாசலுக்குப் போய்விடுவான். அங்கே கல் கிடந்தது, உட்காரலாம். உட்காரமாட்டான். வெளியே தெருவைப் பார்த்தபடி, கரண்டு திரும்பி வருகிறவரை நின்றுகொண்டே இருப்பான்.