மரியதாஸின் வசந்தக் களைப்பு

போன கிழமை மரியதாஸ் சைக்கிளோடு நடுரோட்டில் விழுந்தான். டென்மார்க்கின் இந்த ரண்டர்ஸ் நகரத்து வீதியெல்லாம் பனி உறைந்து கிடந்த மாதங்களில் விழாதவன், பனி உருகி, வெயில் வந்து, வீதி காய்ந்து கிடக்கிற நேரத்தில் விழுந்தான். பின்னால் வந்த பஸ் பிரேக் பிடித்ததால் ஆள் இருக்கிறான்.

மறுநாள் எங்கள் டேனிஷ் வகுப்பில் ஆசிரியை கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "இது வசந்தக் களைப்பு" என்றாள். குளிர்காலம் முடிந்து வெளிச்சம் வந்ததும் இந்த ஊர்க்காரருக்கு உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகிவிடுமாம். அதற்கென்றே ஒரு சொல்லும் வைத்திருக்கிறார்கள்! வேலை செய்து களைக்கலாம், குளிரில் களைக்கலாம்... வசந்தம் வந்ததற்காக ஒருவன் களைப்பானா?

வகுப்பே சிரித்தது. மரியதாஸ் சிரிக்கவில்லை. மேசையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

டொக்டரிடம் கூட்டிப் போனேன். அவனுக்கு ஒரு வருஷம் முன்னால் இந்த நாட்டுக்கு வந்தவன் என்பதால் மொழிபெயர்ப்பாளர் பதவி எனக்கு.

"ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?" என்று கேட்டார் டொக்டர்.

"ஓம், ஓம், சாப்பிடுறன்" என்றான். அப்படியே மொழிபெயர்த்தேன்.

வசந்தக் களைப்புத்தான், வெயிலில் நடக்கட்டும், மே மாதம் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். ஒரு பெயர் கிடைத்துவிட்டால் எல்லோருக்கும் எவ்வளவு நிம்மதி!

நேரே என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மனைவி புட்டு அவித்து வைத்திருந்தாள்.

"வேண்டாமக்கா, பள்ளியிலை சாப்பிட்டிட்டன்."

காலையிலிருந்து என்னோடு நின்றவன் எந்தப் பள்ளியில் சாப்பிட்டான்? விடாமல் கேட்டேன். கடைசியில் சொன்னான் — ஒருசந்தியாம். மன்னார்க் கத்தோலிக்கன், தவக்காலத்தில் ஒரு நேரம் மட்டும் சாப்பிடுவது சரி. ஆனால் தவக்காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறும் போய்விட்டதே?

இவன் இங்கே வந்தபின் ஆமி ஊரைச் சுற்றி வளைத்ததாம்; அதன் பிறகு இவன் மனைவியும் மகளும் எங்கே என்று தெரியாது. இந்தியாவுக்குப் படகு ஏறினதாக ஒருவர் சொன்னாராம். அந்தப் படகு போய்ச் சேரவே இல்லை என்றாராம் இன்னொருவர். அவர்கள் குரல் கேட்கும்வரை ஒரு நேரச் சாப்பாடுதான் என்று இவன் நேர்த்தி வைத்துவிட்டான். கூட இருக்கிற பொடியளிடம் "பள்ளியிலை சாப்பிட்டன்". பள்ளியில் எங்களிடம் "வீட்டிலை சாப்பிட்டன்". நாங்களும் நம்பினோம்.

"டொக்டரிட்டை ஏன்ரா பொய் சொன்னனீ?"

"வெளியிலை சொன்னால் நேர்த்தி பலிக்காதண்ணை" என்றவன் சட்டென்று நிறுத்தினான். "இப்ப உங்களுக்குச் சொல்லிப்போட்டனே..."

அழத் தொடங்கிவிட்டான். எனக்கோ கோபம்தான் வந்தது. "நீ பஸ்ஸுக்கடியிலை போயிருந்தால், அவை ஃபோன் எடுக்கேக்கை ஆர் கதைக்கிறது?" என்று கத்தினேன். மனைவி என்னை முறைத்தாள்.

அவனிடம் டெலிபோன் கிடையாது. ஊரில் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தது என் வீட்டு நம்பரைத்தான். அதனால் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். ஒரு நேரம்தான் என்றால் ஒரு நேரம், ஆனால் அதை என் வீட்டில், எங்கள் கண்முன்னால் சாப்பிடவேண்டும். டொக்டரிடம் உண்மையைச் சொல்ல மட்டும் இன்னும் தலையாட்டவில்லை.

இப்போது பின்னேரங்களில் வருகிறான். மனைவி சோற்றைக் குவித்து வைக்கிறாள். டெலிபோனுக்கு எதிரே உட்கார்ந்து பாதியைத்தான் சாப்பிடுகிறான். மணி அடித்தால் விரல்கள் சோற்றுக்குள் அப்படியே நின்றுவிடும்.

நேற்றும் அடித்தது. எழும்பியே விட்டான்.

வகுப்பு ஆசிரியை! பாவம், நல்ல மனசு. மரியதாஸின் களைப்புப் போய்விட்டதா என்று விசாரித்தாள்.

"இன்னும் இல்லை" என்றேன்.

"கவலைப்படாதீர்கள், மே மாதம் சரியாகிவிடும்" என்றாள்.

எந்த வருஷத்து மே என்று நான் கேட்கவில்லை.