கதைக்குள் ஒரு நிலுவை மனு

போன வாரம் ஒரு சிறுகதையை மின்னஞ்சலில் பத்திரிகைக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் 'தங்கள் படைப்பு கிடைத்தது' என்று பதில் வந்துவிட்டது. வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவனுக்கு இது செரிக்கிற விஷயமில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு தபாலுக்கு வரிசை எண் போடவே இரண்டு நாளாகும். அது இயந்திரம் அனுப்பிய பதில், யாரும் இன்னும் படித்திருக்க மாட்டார்கள் என்று மகள் விளக்கினாள். படிக்காமலே பதில் எழுதுவது எங்களுக்கும் தெரிந்த கலைதான். இவ்வளவு வேகம் எங்களுக்குக் கைவரவில்லை, அவ்வளவுதான்.

கையில் ஒரு பிரதி இருக்கட்டும் என்று வண்ணார்பேட்டை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். தாள் அப்பளம் மாதிரிச் சூடாக வந்தது. மோந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. கடையிலிருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் தேடியது கார்பன் தாள் வாசம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? என் முதல் கதைக்கு அந்த வாசம்தான். மொத்தம் மூன்று பிரதிகள். முதலாவது அதிகாரிக்கு, இரண்டாவது கோப்புக்கு, மூன்றாவது எனக்கு. எழுதியவனுக்கு மங்கலான பிரதிதான் கிடைக்கும்.

கதைக்கு எதற்கு அதிகாரி என்று கேட்பீர்கள். அரசு ஊழியன் எதையாவது வெளியிட வேண்டுமென்றால் துறையின் அனுமதி வேண்டும். தூய இலக்கியமாக இருந்தால் தேவையில்லை. ஆனால் நான் எழுதியது தூய இலக்கியம்தானா என்பதை யார் முடிவு செய்வது? நானே முடிவு செய்தால் அது விதிமீறலாகிவிடுமே. ஆகவே அனுமதி தேவையில்லை என்று சொல்ல அனுமதி கேட்டு, கதையையும் இணைத்து, உரிய வழியில் விண்ணப்பித்தேன். அப்போது பொருநைக் கரையோரம் ஒரு தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். எந்தத் தாலுகா என்பது வேண்டாமே.

எங்கள் பிரிவின் மூத்தவர் சுப்பையா அண்ணாச்சி விண்ணப்பத்தை இரண்டு தரம் படித்தார். "ஏலே, ஊருல கதை எழுதுதவன் எல்லாம் பொண்டாட்டி பேர்ல எழுதுதான். கதை எழுத மனு குடுத்த மொத ஆளு நீதாம்லே" என்றார். பொண்டாட்டி பேரில் எழுதலாம்தான். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை.

எழுதியதெல்லாம் பஸ்ஸில். பேட்டையிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு மணி நேரப் பயணம். ஜன்னலோர இடம் கிடைத்த நாளில் ஒரு பக்கம் தேறும், நின்றுகொண்டே போன நாளில் ஒன்றுமில்லை. என் இலக்கியம் நடத்துனரின் கருணையில் இருந்தது. அதைத் தட்டச்சு செய்து தந்தவர் எங்கள் அலுவலகத் தட்டச்சர் எஸ்தர் அக்கா. பாளையங்கோட்டைக்காரர், ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பாடுகிறவர், பிழையை மட்டும் மன்னிக்காதவர். "தம்பி, இது எழுத்தா இல்ல ரோட்டுல உள்ள பள்ளமா?" என்பார். நாலாம் பக்கம் தட்டி முடித்ததும், "ஒங்க கதாநாயகி இதுக்குள்ள மூணு தரம் அழுதுட்டா. மிச்சப் பக்கத்துக்குக் கண்ணீரு வேண்டாமா?" என்று கேட்டார். இரண்டு அழுகைகளை அடித்தேன்.

கதையின் நாயகி வாரிசுச் சான்றிதழுக்காகத் திங்கள்தோறும் தாலுகா அலுவலகத்துக்கு வரும் ஒரு விதவை. சும்மா காத்திருக்க மாட்டாள். மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். விரல் நிற்காது, கண் மட்டும் வாசலைப் பார்த்திருக்கும். வருடங்கள் ஓடும், தலை நரைக்கும், ஒரு திங்கட்கிழமை அவள் வரமாட்டாள். அதோடு கதை முடியும். அந்த முடிவை எழுதிய அன்று பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். யாராவது சாகாமல் இலக்கியம் ஆகாது என்று நினைத்திருந்த வயது.

கோப்பு தாசில்தாரிடம் போனது. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது, ஓரத்தில் பச்சை மையில் ஒரு குறிப்போடு: 'கதை முழுவதும் படிக்கப்பட்டது. பக்கம் இரண்டில் வரும் மனு எந்தப் பிரிவில் நிலுவையில் உள்ளது? ஒரு வாரத்தில் அறிக்கை தேவை.'

அலுவலகம் சிரித்த சிரிப்பில் பதிவறைப் புறாக்கள் பறந்தன. கதையைக் கோப்பாகவே படித்துவிட்டார் மனிதர். சுப்பையா அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மேற்படி மனு கற்பனையானதுன்னு ஒரு வரி எழுதிக் குடுலே. அனுமதி தானா வந்துரும்."

எழுதினேன். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. முடியவில்லை. ஏனென்றால் அந்த மனு என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது.

அவள் பெயர் மைமூன் பீவி. ஏழு மாதமாக வந்துகொண்டிருந்தாள். வருவாய் ஆய்வாளரின் அறிக்கை வராததால் மனு நின்றிருந்தது. அவருக்கு நான்கு வரியில் ஒரு நினைவூட்டுக் கடிதம் போட வேண்டியது என் வேலை. அந்த நான்கு வரியை எழுதாத கையால்தான் அவள் காத்திருப்பதைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். அவள் விரல்களைக் கவனிக்க எனக்கு நேரம் இருந்திருக்கிறது.

உண்மையைச் சொன்னால் அனுமதி போகும், மெமோவும் வரும். சொல்லாவிட்டால் கதை பத்திரிகைக்குப் போகும். எழுத்தாளன் ஆவதற்கு ஒரு கையெழுத்துதான் தடை. அன்று மத்தியானம் டிபன் பாக்ஸை நான் திறக்கவே இல்லை. எஸ்தர் அக்கா என் டிபன் பாக்ஸைப் பார்த்தார், இழுப்பறையைப் பார்த்தார். இயந்திரத்தில் ஒரு வெள்ளைத் தாளைச் செருகிவிட்டு, "சொல்லுங்க தம்பி, தட்டுதேன்" என்றார்.

நான் சொன்னது அந்த நினைவூட்டுக் கடிதம். மறுநாள் ஆய்வாளர் ஊருக்கே பஸ் ஏறிப் போய் அறிக்கையைக் கையோடு வாங்கி வந்தேன். மனு என் இருக்கையில் நிலுவையில் இருந்தது என்று எழுதி, சான்றிதழையும் கையெழுத்துக்கு வைத்தேன். இரண்டு நாளில் மூன்றும் சேர்ந்து வந்தன: கையெழுத்தான சான்றிதழ், தாமதத்துக்கு எனக்கொரு மெமோ, கதைக்கு அனுமதி. என் கதைக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அந்த மெமோதான். அதற்கப்புறம் வந்த எந்த விமர்சனமும் அவ்வளவு துல்லியமாக இல்லை.

திங்கட்கிழமை மைமூன் பீவி சான்றிதழை வாங்கும்போது, எஸ்தர் அக்கா இந்தத் தம்பி உங்களை வைத்துக் கதை எழுதியிருக்கிறார் என்று போட்டுக்கொடுத்துவிட்டார். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"கதையில எனக்கு இது கெடச்சுட்டா சார்?"

இல்லை என்றேன்.

"பெறவு என்னத்துக்கு எழுதுனிய?"

சான்றிதழை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்தாள். பர்ஸை இடுப்பில் செருகினாள். மறுபடி வராந்தாவில் போய் உட்கார்ந்து, மடியில் பாதியில் நின்ற பீடிக் கட்டைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் சாகடித்த பெண்ணைவிட இவள் எவ்வளவோ நன்றாக இருந்தாள்.

முடிவை மாற்றினேன். மாற்றினால் புது அனுமதி. அனுமதி என்பது இணைக்கப்பட்ட பிரதிக்கு மட்டும்தானே. "கிறுக்குப் பயலே, கெடச்ச அனுமதிய வச்சுக்கிட்டு மறுபடியும் மொதல்ல இருந்தா?" என்று சுப்பையா அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் தாசில்தார் மாற்றலாகிவிட்டார். புதிதாக வந்தவர் கோப்பைத் திறந்த வேகத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. அனுமதி கிடைத்த அன்று எனக்கு வந்தது சந்தோஷமா ஏமாற்றமா என்று இன்றுவரை தெரியாது. ஐந்து மாதத்தில் கதை அச்சில் வந்தது.

அந்த அலுவலகம் இப்போது இல்லை. இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். வராந்தா போய்விட்டது. சான்றிதழுக்கு வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். யாரும் திங்கட்கிழமைகளை இழக்க வேண்டியதில்லை. நல்லது, அதற்காக நான் அழப்போவதில்லை. எனக்கு இல்லாமல் போனவர் அந்தப் பச்சை மைத் தாசில்தார்தான். ஒரு கதையில் ஒரு பெண் காத்திருக்கிறாள் என்றால், அவள் எங்கோ நிஜமாகவே காத்திருப்பாள் என்று நம்பி விசாரணைக்கு உத்தரவிட்ட வாசகர். நாற்பது வருடமாக எழுதுகிறேன், அப்படி ஒருவர் மறுபடி வாய்க்கவில்லை.

அதனால் அவர் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். இப்போது எழுதும் கதையில், திசையன்விளை பஸ்ஸுக்காக நிற்கிற ஒரு கிழவரிடம் பிரிக்காத மருந்துச் சீட்டு ஒன்று இருக்கிறது. அவரை நான் நிஜத்தில் பார்த்தது முந்தாநாள். நாளைக் காலை அதே நிறுத்தத்தில் அவரைத் தேடிப் பிடித்து, அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் மிச்சத்தை எழுத வேண்டும்.